ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்டது தண்டனையா, வேறு ஏதாவதா?

கிழக்குஜன்னல்:
நேற்று ராத்திரி பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் அரசன்' ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தெரியாமல் அப்பன் லாயஸைக் கொன்று அம்மா யோகாஸ்டாவைக் கட்டிய தீப்ஸ் அரசன் ஈடிபஸ், உண்மை தெரிந்ததும் தன் கண்ணைக் குத்திக்கொள்கிறான். தெரிந்த கதையே ஒருத்தனைத் தூங்கவிடாமல் பண்ணும் என்பது தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. எங்கே தேடினாலும் ஒரே விளக்கம்தான் வருகிறது: கண் இருந்த ஈடிபஸுக்கு உண்மை தெரியவில்லை, குறி சொல்லும் குருடன் டைரீசியஸுக்குத் தெரிந்தது, உண்மை தெரிந்த அன்று ஈடிபஸும் குருடன் ஆனான். அழகாகத்தான் இருக்கிறது. ரொம்ப அழகாக இருப்பதுதான் பிரச்சனை, பரீட்சைக்கு எழுதிய பதில் மாதிரி. டைரீசியஸே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான்: "என் கண்ணைக் கேலி செய்கிறாய், உனக்குக் கண் இருந்தும் நீ எப்படிப்பட்ட தீமையில் நிற்கிறாய், எங்கே குடியிருக்கிறாய், யாரோடு வாழ்கிறாய் என்று தெரியவில்லை." நாடகமே பாதியில் போட்டு உடைத்துவிட்ட உவமைக்காகக் கடைசியில் ஒருத்தன் இவ்வளவு ரத்தம் சிந்த வேண்டுமா?

தண்டனை என்றால் ஏன் சாவில்லை? யோகாஸ்டா தூக்குப் போட்டுக்கொண்டாள். அவன் ஏன் கண்ணோடு நிறுத்தினான்? கிரேக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நாடகக்கொட்டகை:
கிரேக்கம் 'தெரிந்தவன்' என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படிக்கிறவன். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு நாடகத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

முதலில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். எதுவும் மேடையில் நடக்கவில்லை, அரண்மனை ஆள் ஒருவன் வெளியே வந்து சொல்கிறான். உண்மை தெரிந்ததும் ஈடிபஸ் கத்திக்கொண்டே உள்ளே ஓடுகிறான், முதலில் கேட்பது ஒரு வாள். வாளைக் கொடுங்கள், அவள் எங்கே என்கிறான். கேட்டது தன்னைக் குத்தவா, அவளைக் குத்தவா, தெரியாது. பூட்டியிருந்த இரட்டைக் கதவை உதைத்து உடைக்கிறான். உள்ளே அவள் தொங்கிக்கொண்டிருக்கிறாள். கயிற்றை அவிழ்த்து இறக்கிக் கிடத்துகிறான். அப்புறம்தான் அவள் உடையில் குத்தியிருந்த தங்க ஊசிகளைப் பிடுங்குகிறான். வாள் வேண்டும் என்று ஓடினவன் கையில் கடைசியில் இருப்பது பெண்கள் தோளில் துணியைச் சேர்த்துக் குத்துகிற ஊசி.

குத்தும்போது கண்களோடு பேசுகிறான். நான் பட்டதையும் நான் செய்ததையும் இனி நீங்கள் பார்க்க வேண்டாம், பார்க்கக் கூடாதவர்களைப் பார்த்தீர்கள், தெரிந்துகொள்ள வேண்டியவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை, இனி இருட்டிலேயே கிடங்கள் என்கிறான். கூட இருந்தே காட்டிக்கொடுத்த வேலைக்காரர்களை நிறுத்தி வைத்து விசாரிக்கிற மாதிரி. அந்த ஆள் இதைச் சொல்லும்போது 'பாட்டுப் பாடுவதுபோல்' என்ற அர்த்தம் வரும் சொல்லைப் போடுகிறான். துதிப்பாடலுக்கான சொல் அதற்குள் இருக்கிறது. பாடிக்கொண்டே, ஒருமுறை இல்லை, பலமுறை.

சாவு ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். கோரஸ், அதாவது ஊர்ப் பெரியவர்களாக வரும் பாடகர் கூட்டம், நீங்கள் கேட்டதையேதான் கேட்கிறது: குருடனாக வாழ்வதைவிட நீ இல்லாமல் இருப்பது நல்லது. அதற்கு அவன் சொல்வது: பாதாளத்துக்குப் போனால் எந்தக் கண்ணால் என் அப்பனைப் பார்ப்பேன், எந்தக் கண்ணால் அம்மாவைப் பார்ப்பேன்? செத்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது நம் கணக்கு. அவன் கணக்கில் செத்தால் நேரே போய் நிற்பது லாயஸ் முன்னாலும் யோகாஸ்டா முன்னாலும். அவனுக்குத் தப்பிக்கிற வழியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அறிவு, ஞானம் என்ற பேச்சே அந்தப் பதிலில் இல்லை. கூச்சம்தான் இருக்கிறது, முகத்தில் முழிக்க முடியாத கூச்சம். காதையும் அடைக்க வழி இருந்தால் அடைத்திருப்பேன் என்றும் சொல்கிறான். ஞானம் தேடுகிறவன் காதை அடைத்துக்கொள்ளப் பார்ப்பானா?

பழையசோறு:
ஃபிராய்டு வந்துவிட்டாரா? இன்னும் இல்லையா? சரி, நானே கூட்டிவந்து நானே அனுப்பிவிடுகிறேன். 1919-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்டது விதைநீக்கத்தின் தணிந்த வடிவம் என்றார். அனுப்பியாச்சு.

எனக்குக் கேள்வி வேறு. தண்டனை என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எந்தக் குற்றத்துக்கு? மூன்று சாலை கூடும் இடத்தில் ஒரு கிழவன் வண்டியிலிருந்து இவன் தலையில் அடித்தான், இவன் திருப்பி அடித்தான். அப்பன் என்று தெரியாது. அம்மா என்று தெரியாமல் கல்யாணம், அதுவும் ஊரைக் காப்பாற்றியதற்கு ஊர் கொடுத்த பரிசு. அறியாமல் செய்த கொலையை ஏதென்ஸ்காரர்களே தனியாகத்தான் வைத்தார்கள். டிராக்கோ என்பவர் எழுதிய ஏதென்ஸின் பழைய சட்டத்தில் அதற்கு நாடுகடத்தல்தான். அந்தச் சட்டத்தை பொ.ஆ.மு. 409/408-ல் கல்லில் மறுபடி வெட்டிக்கூட வைத்தார்கள். அப்படியிருக்க இவன் ஏன் சட்டத்துக்கு மேலே போய்த் தன்னைத் தானே குத்திக்கொள்கிறான்? பார்த்துக்கொண்டிருந்த ஏதென்ஸ்காரனுக்கு இது நியாயமாகப் பட்டதா, கிறுக்காகப் பட்டதா?

நாடகக்கொட்டகை:
நல்ல கேள்வி பழையசோறு அண்ணே, ஆனால் நாடகத்தில் ஓடுவது சட்டம் இல்லை, தீட்டு. ஆரம்பத்தில் தீப்ஸில் கொள்ளைநோய், பயிர் கருகுகிறது, பெண்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. காரணம் லாயஸைக் கொன்றவன் ஊருக்குள் இருப்பது. தீட்டுக்கு 'தெரிந்தா செய்தாய், தெரியாமலா செய்தாய்' என்ற விசாரணை கிடையாது. தொட்டால் ஒட்டும், அவ்வளவுதான். அதனால்தான் அவன் கண்ணைக் 'குற்றத்துக்கு இவ்வளவு தண்டனை' என்ற தராசில் வைத்தால் முள் நிற்கவே நிற்காது.

தராசை விட்டுவிட்டு வரியைப் பார்ப்போம். அப்போலோ குறி சொல்லும் தெய்வம். அப்போலோதான், நண்பர்களே, இந்தத் துன்பத்தையெல்லாம் முடித்துவைத்தது அப்போலோதான் என்கிறான், உடனே, ஆனால் கண்ணில் அடித்த கை வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது என்கிறான். பிறப்பதற்கு முன்பே குறி சொல்லி முடித்துவிட்ட வாழ்க்கை அவனுடையது. அப்பனைக் கொன்றது, அம்மாவைக் கட்டியது எதுவும் அவன் தேர்ந்தெடுத்தது இல்லை. தெரிந்து, கண் திறந்து, தானாகச் செய்த பெரிய காரியம் என்றால் அது இந்த ஊசிதான். குருடாகிப் பிச்சைக்காரனாகக் கோல் ஊன்றிப் போவாய் என்று டைரீசியஸ் முன்பே சொன்னான், உண்மை. ஆனால் கை யாருடையது என்று அவன் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் இந்த நாடகத்தை மூலத்தில் தடவித் தடவிப் படிக்கிறேன். கண்குழிக்கு அந்த அரண்மனை ஆள் போடும் சொல் 'ஆர்த்ரா'. மூட்டு, பொருத்து என்று அர்த்தம். கண்ணுக்கு யாரும் சாதாரணமாகப் போடும் சொல் இல்லை. முன்னால் இரண்டு இடத்தில் அதே சொல் வருகிறது, யோகாஸ்டா ஒருமுறை, கொரிந்திலிருந்து வந்த ஆள் ஒருமுறை: குழந்தையின் கணுக்கால். லாயஸ் மூன்று நாள் குழந்தையின் கணுக்காலைச் சேர்த்துக் கட்டி மலையில் போடச் சொன்னானே, அந்தக் கணுக்கால். துளைத்துக் கட்டியதில் வீங்கிப்போய்த்தான் பெயரே 'வீங்கின காலன்' என்றானது. அப்பன் ஆரம்பித்த இடத்தில் மகன் முடிக்கிறான், மூட்டுக்கு மூட்டு.

பெயருக்குள் இன்னொரு சொல்லும் ஒளிந்திருக்கிறது: 'ஓய்தா', எனக்குத் தெரியும். இலக்கணப்படி அது 'பார்த்திருக்கிறேன்' என்பதுதான். கிரேக்கத்தில் தெரிவது என்றாலே பார்த்து முடித்தது. நாம் 'கண்டுபிடித்தேன்' என்று சொல்லும்போது கண் உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி.

இரவுப்பணி:
ஊசி பற்றி ஒன்று. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸில் ஒரு கதை. ஈஜினா தீவுக்குப் போன ஏதென்ஸ் படையில் ஒரே ஒருவன் பிழைத்துத் திரும்புகிறான். செத்தவர்களின் மனைவிமார் அவனைச் சுற்றிக்கொண்டு, என் புருஷன் எங்கே, என் புருஷன் எங்கே என்று ஒவ்வொருத்தியும் கேட்டுக்கொண்டே உடை ஊசியால் குத்திக் கொன்றுவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஏதென்ஸ் பெண்களின் உடையையே ஊசி தேவைப்படாத அயோனிய உடையாக மாற்றிவிட்டார்கள் என்கிறார். நடந்ததோ இல்லையோ, பார்த்துக்கொண்டிருந்த ஆண்களுக்கு அந்த ஊசி வெறும் நகையாகத் தெரிந்திருக்காது.

இன்னொரு கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'ஹெகுபா'விலும் அதே ஊசிதான். ட்ராயின் ராணி ஹெகுபா, தங்கத்துக்காகத் தன் மகனைக் கொன்ற பாலிமெஸ்டரைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டு ட்ராய் பெண்களோடு சேர்ந்து கண்ணைக் குத்துகிறாள். அவன் நாலு காலில் மிருகம் மாதிரி தவழ்ந்து வெளியே வருகிறான். வந்தவன் குறி சொல்கிறான், நீ நாயாக மாறுவாய் என்று. அவனுக்குக் கண் போனதும் ஞானம் வந்ததா? வரவில்லை, வன்மம்தான் வந்தது. 'குருடன் என்றால் ஞானி' என்பது கிரேக்க விதி என்று சொல்கிறவர்கள் இந்த ஆளை எந்தப் பெட்டியில் போடுவார்கள்?

கிழக்குஜன்னல்:
ஊசிக் கதை பயமாக இருக்கிறது. கணுக்கால் விஷயம் அதைவிட. ஆனால் ஒன்று கேட்கிறேன், இந்தக் கண் விஷயம் பழைய கதையிலேயே இருந்ததா, சோஃபக்ளிஸ் சேர்த்ததா?

நாடகக்கொட்டகை:
ஹோமரில் இல்லை. 'ஒடிசி'யில் அம்மா தூக்குப் போட்டுக்கொள்கிறாள், ஈடிபஸ் வேதனையோடு தீப்ஸை ஆண்டுகொண்டே இருக்கிறான். கண் பற்றிய பேச்சே இல்லை. 'இலியட்'டில் அவன் ஈமச்சடங்கில் தீப்ஸில் விளையாட்டுப் போட்டி நடந்தது என்று ஒரு வரி வருகிறது, அதாவது ராஜ மரியாதையோடு போயிருக்கிறான். பொ.ஆ.மு. 467-ல் ஈஸ்கிலஸின் 'தீப்ஸை எதிர்த்த எழுவர்' நாடகம் வரும்போது கண் போயாயிற்று, அதுவும் அவன் கையாலேயே. யூரிப்பிடிஸ் ஒரு 'ஈடிபஸ்' எழுதினார், துண்டுகள்தான் மிச்சம். அதில் ஒரு துண்டு: லாயஸின் ஆட்கள் பேசுகிறார்கள், இவனைத் தரையில் அழுத்திப் பிடித்து நாங்கள்தான் கண்ணைப் போக்கினோம் என்று.

ஆக இந்தக் கதையைச் சொல்ல மூன்று வழி உண்டு: கண்ணே போகாமல், அடுத்தவன் கையால், தன் கையால். சோஃபக்ளிஸ் எடுத்தது மூன்றாவது. அதை அறைக்குள் அவளோடு சேர்த்து, அவள் ஊசியோடு சேர்த்து வைத்தார். இந்த நாடகத்துக்கு அவருக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. ஈஸ்கிலஸின் சகோதரி மகன் ஃபிலோக்ளிஸ் ஜெயித்தாராம். அவர் நாடகம் ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. போகட்டும்.

வெண்கோல்:
இழையை ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டு வந்தேன். கேட்டு என்றுதான் சொல்ல வேண்டும், ஸ்கிரீன் ரீடர் படிக்கிறது. அது 'டைரீசியஸ்' என்ற பெயரை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கொல்கிறது. பதினேழு வயதுவரை பார்த்தவன் நான், இப்போது நாற்பத்திரண்டு.

குருடன் என்ற சொல்லுக்கு யாரும் பதற வேண்டாம், நாடகத்தில் அது திட்டாகத்தான் வருகிறது. ஈடிபஸ் டைரீசியஸைத் திட்டுகிற வரியைக் காதால் கேட்டுப் பாருங்கள்: "துஃப்லோஸ் தா தோதா தோன் தெ நூன் தா தோமத் எய்." காதும் புத்தியும் கண்ணும் குருடு உனக்கு என்கிறான். ஒரே வரியில் ஒன்பது த. காறித் துப்புகிற மாதிரி இருக்கும். கண்ணால் படிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நான் சொல்ல வந்தது இது. கண் போவது இந்த நாடகத்தில் என்னவோ ஒன்றின் 'குறியீடு' என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். எனக்கு முதல் தடவை கேட்டபோது தூக்கிப்போட்டது குறியீடு இல்லை. கண் போன பிறகு அவன் வெளியே வருகிறான் இல்லையா, வந்து பேசுகிற முதல் வரிகள். எங்கே போய்க்கொண்டிருக்கிறேன், என் குரல் எங்கே பறந்து போகிறது என்கிறான். என் குரல் எங்கே போகிறது! எனக்கு ஆபரேஷன் தவறிப்போய்க் கட்டுப் பிரித்த அன்று வார்டில் அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன், அவள் தூரத்தில் எங்கோ இருக்கிறாள் என்று நினைத்து. அவள் கட்டில் ஓரத்தில் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஏன்டா கத்துற" என்றாள். நம் குரல் எந்தச் சுவரில் போய் முட்டுகிறது என்று கணக்குப் பிடிபட மாசக்கணக்காகும், அதுவரை நாம் பேசுவது நம்மைவிட்டு ஓடிப்போகிற மாதிரிதான் இருக்கும். சோஃபக்ளிஸுக்கு இதை யார் சொன்னார்களோ.

அடுத்தது கோரஸ் தலைவன் பேசியதும், நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாய், இருட்டில் இருந்தாலும் உன் குரல் எனக்குத் தெரிகிறது என்கிறான். அப்புறம் மகள்கள். பார்க்கவில்லை, அழுகிற சத்தத்தில் கண்டுகொள்கிறான். கையால் தொடவிடு என்று யோகாஸ்டாவின் சகோதரன் கிரியோனிடம் கெஞ்சுகிறான், தொட்டால் முன்பு கண்ணால் பார்த்தபோது போல அவர்கள் என்னிடம் இருப்பதாகத் தோன்றும் என்கிறான். பார்க்கக் கூடாததைப் பார்த்ததற்காகக் கண்ணை எடுத்தவன், அரை மணி நேரத்துக்குள் கையைக் கண்ணாக மாற்றிக்கொள்ளப் பார்க்கிறான். அந்தக் கை எது? கொன்ற கை, கட்டின கை, குத்தின கை. அவனே சொல்கிறான், உங்கள் அண்ணனுடைய இந்தக் கைக்கு வாருங்கள் என்று. அண்ணன்!

இதில் எந்த இடத்தில் அவனுக்கு ஞானம் வந்தது? அவனுக்கு வந்தது ஆள் அடையாளம் பிடிக்கிற வேலை. கண் இல்லாதவன் தினமும் செய்கிற வேலை.

கிழக்குஜன்னல்:
வெண்கோல் சார், 'பரீட்சைப் பதில்' என்று எழுதிவிட்டு நானும் அந்தப் பதிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிப் பகுதியை நேற்று வேகமாகப் புரட்டிவிட்டேன், கதை முடிந்துவிட்டது என்று நினைத்து. மறுபடி படிக்கிறேன்.

பழையசோறு:
எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். தன்னைத் தானே தண்டித்துக்கொள்வதில் ஒரு திமிர் இருக்கிறது. நீதிபதியும் நானே, குற்றவாளியும் நானே, தூக்குப் போடுகிறவனும் நானே. கொன்றவனைக் கண்டுபிடிக்கிறேன் பார் என்று சாபம் போட்டவன் அவன்தானே. தீர்ப்பையும் வேறு ஒருவன் கையில் கொடுக்க மனமில்லை. கண் போன பிறகும் கட்டளைதான்: என்னை வெளியே அனுப்பு, கித்தேரான் மலையில் விடு, அவளை அடக்கம் பண்ணு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள். மகள்களைப் பிரிக்காதே என்றதும் கிரியோன் சொல்கிறான் பாருங்கள்: எல்லாவற்றிலும் நீயே ஆள வேண்டும் என்று நினைக்காதே, நீ ஆண்டது எதுவும் கடைசிவரை உன்கூட வரவில்லை. நெத்தியடி. வெளியேபோகக்கூட அனுமதி இல்லை, டெல்ஃபியில் அப்போலோவின் குறி கேட்டுச் சொல்கிறேன், உள்ளே போ என்கிறான். தண்டித்துக்கொண்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்தவனுக்குக் கணக்கு வேறு ஒருவன் கையில் இருக்கிறது.

இரவுப்பணி:
பழையசோறு சொல்வது சோஃபக்ளிஸின் இன்னொரு நாடக நாயகன் ஏஜாக்ஸுக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. அங்கே தேவதை அதீனா இவன் கண்ணில் மயக்கத்தைப் போட்டு ஆட்டுமந்தையைப் பகைவர்கள் என்று நம்பவைத்து வெட்டவைக்கிறாள். தெளிந்த பிறகு அவன், இருட்டே, என் வெளிச்சமே என்று கூப்பிட்டுவிட்டு வாளில் விழுகிறான்.

யூரிப்பிடிஸின் 'பாக்கே' நாடகத்தில் இன்னும் மோசம், அங்கே கண் திறப்பதுதான் தண்டனை. கையில் சிங்கத்தலை என்று ஆடிக்கொண்டு வருகிற அகாவேயை அவள் அப்பா கத்மஸ், முதலில் வானத்தைப் பார் என்கிறார், மெதுவாக. வானம் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்கிறாள். இப்போது கையில் இருப்பதைப் பார் என்கிறார். மகன் தலை. அவளுக்கு அந்த நிமிடம் யாராவது கண்ணைப் பறித்திருந்தால் கருணை என்றிருப்பாள்.

நாடகக்கொட்டகை:
பழையசோறு அண்ணே, திமிர் விஷயத்தில் உங்களுக்குச் சாட்சி ஈடிபஸேதான். சோஃபக்ளிஸ் தொண்ணூறு வயதுக்குப் பக்கத்தில் எழுதிய 'கொலோனஸில் ஈடிபஸ்', அவர் இறந்த பிறகு பொ.ஆ.மு. 401-ல் பேரன் மேடையேற்றியது. கொலோனஸ் அவர் பிறந்த ஊர். அதில் கிழட்டு ஈடிபஸ் சொல்கிறான்: அன்று கொதிப்பில் கல்லால் அடித்துக் கொன்றால்கூடச் சந்தோஷம் என்றிருந்தேன், நாளானபின் கொதிப்பு அடங்கியது, செய்த பிழைக்கு என் கோபம் அளவுக்கு மீறித் தண்டித்துவிட்டது என்று புரிந்தது. அப்போதுதான் ஊர் என்னைத் துரத்தியது. வேண்டும் என்றபோது விடவில்லை, வேண்டாம் என்றபோது துரத்தினார்கள். சட்டப்படி நான் சுத்தம், தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் டிராக்கோவை வைத்து வாதாடினதை அவனே வாதாடுகிறான். கண் மட்டும் திரும்பி வரவில்லை. அப்பீலுக்கு வழியில்லாத தண்டனையைக் கொடுத்துவிட்டான்.

வெண்கோல்:
கொலோனஸ் நாடகத்தை நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் மகள் ஆன்டிகனி கையைப் பிடித்து அழைத்து வருகிறாள், உட்காரவைக்கக்கூட அவள் வேண்டும், எந்தக் கல்லில் உட்காரலாம் என்பதிலேயே பாதிப் பேச்சு. பார்க்கிறவர்களுக்கு அது இழுவை. எனக்கு இல்லை. தெரியாத இடத்தில் உட்காருவது பெரிய வேலை. பாறை ஓரம் எங்கே, பின்னால் சரிவா, யார் இடம்.

கடைசியில் இடி இடிக்கிறது, நேரம் வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்து, யாரும் என்னைத் தொடாதீர்கள், நீங்கள் எனக்கு வழிகாட்டிய மாதிரி இப்போது நான் உங்களுக்கு வழிகாட்டுகிறேன் என்று மகள்களிடமும் ஏதென்ஸ் அரசன் தீசியஸிடமும் சொல்லிவிட்டு முன்னால் நடக்கிறான். போகும்போது வெயிலைப் பார்த்து, வெளிச்சம் இல்லாத வெளிச்சமே, ஒரு காலத்தில் எனக்குச் சொந்தமாக இருந்தாய் என்கிறான். வெயிலைத் தோலில் உணர்ந்துதான் சொல்லியிருப்பான், மதிய வெயில் நெற்றியில் படுவது எனக்கும் தெரியும்.

இந்த இடத்தை ஒரு கல்லூரி நாடகத்தில் செய்தார்கள், நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போயிருந்தான். ஈடிபஸாக நடித்த பையன் திடீரென்று கண் தெரிகிறவன் மாதிரி விறுவிறுவென்று நடந்தான், பலகையில் காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. பின்னால் போய்ச் சொன்னேன், தம்பி, வழி தெரிந்த குருடனும் குதிகாலை முதலில் வைக்க மாட்டான், பாதம் தரையைக் கேட்டுக்கொண்டே போகும் என்று. பையன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நடந்து காட்டினான். மூன்றாவது தடவையில் சரியாக வந்தது.